பெயிண்ட் அடிக்காத வண்டி

மோட்டார் ஷோ மேடைகளுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. திரை விலகும், புகை கிளம்பும், பாட்டு அதிரும். பிறகு வண்டியில் என்னென்ன வசதி இருக்கிறது என்று ஒருவர் மூச்சு விடாமல் அடுக்குவார். 2025 ஏப்ரல் 24 அன்று கலிஃபோர்னியாவின் லாங் பீச் நகரில் ‘ஸ்லேட் ஆட்டோ’ என்ற புதுக் கம்பெனி தன் மின்சார பிக்கப் வண்டியைக் காட்டியபோது, பேச்செல்லாம் அதில் இல்லாதவற்றைப் பற்றித்தான். பெயிண்ட் கிடையாது. தொடுதிரை கிடையாது. ரேடியோவும் ஸ்பீக்கரும் கிடையாது. பவர் விண்டோ கிடையாது. கண்ணாடியைக் கையால் சுற்றித்தான் இறக்க வேண்டும். கதவு இரண்டு, இருக்கை இரண்டு, நிறம் ஒன்றே ஒன்று. அதுவும் சாம்பல்.

அன்றைக்குச் சொன்ன விலை, மத்திய அரசின் 7,500 டாலர் வரிச் சலுகை போக 20,000 டாலருக்குள். அமெரிக்காவில் புதுக் காரின் சராசரி விலை அதே ஆண்டு செப்டம்பரில் முதன்முறையாக 50,000 டாலரைத் தாண்டியது. அதனால் இந்தச் சாம்பல் வண்டியைப் பார்க்க ஆட்கள் முண்டியடித்ததில் வியப்பில்லை. திரும்பக் கிடைக்கும் 50 டாலர் முன்பணம் கட்டிப் பெயர் பதிந்தவர்கள், சில வாரங்களிலேயே ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டார்கள். அவர்களில் நானும் ஒருவன்.

மிச்சிகன் மாநிலத்தில் டெட்ராய்ட்டை ஒட்டிய ஊர் ஒன்றில் இருக்கிறேன். வண்டி உதிரிபாகங்கள் செய்யும் கம்பெனியில் வேலை. ஸ்லேட்டின் தலைமை அலுவலகம் இருக்கும் ட்ராய் நகரம் எங்களுக்கு இட்லி மாவும் கறிவேப்பிலையும் வாங்கப் போகிற ஊர். வீட்டில் படத்தைக் காட்டியதும் மகள் கேட்டாள்: “பாட்டு எதுலப்பா கேக்கறது?” மனைவி கேட்டது இன்னும் கூர்மை: “எல்லாத்தையும் எடுத்துட்டு வித்தா விலை குறையத்தான் செய்யும். இதுல என்னங்க பெரிய சாமர்த்தியம்?”

அந்தக் கேள்விக்குப் பதில்தான் இந்தக் கட்டுரை. சாமர்த்தியம் இருக்கிறது. எதை எடுத்தால் கூடவே எது விழும் என்று தெரிந்து எடுத்திருக்கிறார்கள்.

ஒரு வண்ணத்தின் விலை

முதலில் பெயிண்ட். இங்கே வருவதற்கு முன் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கார் ஆலையின் பெயிண்ட் ஷாப்பில் வேலை பார்த்தவன் நான். அதனால் இதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல உரிமை எடுத்துக்கொள்கிறேன்.

காருக்கு வண்ணம் பூசுவதைப் பலரும் ஏதோ ஒருவர் ஸ்பிரே துப்பாக்கியைப் பிடித்து அடிக்கும் வேலை என்று நினைக்கிறார்கள். பற்றவைத்து வரும் இரும்புக் கூட்டை முதலில் எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவ வேண்டும். பாஸ்பேட் தொட்டியில் முக்க வேண்டும். பிறகு மின்சாரம் பாயும் பெரிய தொட்டிக்குள் முழுக் கூட்டையும் அமிழ்த்தி, மூலைமுடுக்கெல்லாம் துருத்தடுப்புப் பூச்சு பிடிக்க வைக்க வேண்டும். அதை அடுப்பில் சுட வேண்டும். இணைப்புகளுக்கு சீலர், அப்புறம் பிரைமர், அதன்மேல் நிறம், அதற்கும் மேல் பளபளப்புக்கான கிளியர் கோட். இடையிடையே மறுபடி அடுப்பு. ஒரு தூசி விழுந்தாலும் தேய்த்துத் திரும்ப அடிக்க வேண்டும் என்பதால் காற்றை வடிகட்டி, வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் அளவோடு வைத்திருக்க வேண்டும். ஒரு கார் ஆலையில் மின்சாரமும் எரிவாயுவும் அதிகம் குடிக்கும் இடம் இதுதான். கரைப்பான் ஆவிக்கும் கழிவுநீருக்கும் சுற்றுச்சூழல் அனுமதி தனி. புதிதாக ஒன்று கட்ட இங்கே கோடிக்கணக்கான டாலர் ஆகும்.

ஸ்லேட் இந்த முழுக் கட்டடத்தையே வரைபடத்திலிருந்து அழித்துவிட்டது. வெளிப்பக்கத் தகடுகளுக்கு இரும்புக்குப் பதில் பாலிபுரொப்பிலீன் கலவைப் பிளாஸ்டிக். சாம்பல் நிறம் அதன் உடம்பிலேயே கலந்திருக்கிறது. உரசினால் உள்ளே வேறு நிறம் தெரியாது. துருப் பிடிக்காது. பெயிண்ட் ஷாப் போனதோடு, ஆயிரக்கணக்கான டன் விசையில் வெளித்தகடுகளை அழுத்தி எடுக்கும் பிரஸ் ஷாப்பும் போனது. அதனால்தான் இண்டியானா மாநிலத்தின் வார்சா நகரில் கைவிடப்பட்டிருந்த ஓர் அச்சகக் கட்டடத்தை எடுத்து இவர்களால் கார் ஆலையாக மாற்ற முடிகிறது. வார்சா, செயற்கை மூட்டு தயாரிப்புக்குப் பேர்போன சின்ன ஊர். அங்கே ஆண்டுக்கு 1,50,000 வண்டி வரை செய்ய வேண்டும் என்பது இலக்கு.

பிளாஸ்டிக் உடம்பு புதிதில்லை. ஜெனரல் மோட்டார்ஸ் தொடங்கிய சாட்டர்ன் கார்களில் 1990-களிலேயே கதவும் பக்கத் தகடும் பிளாஸ்டிக்தான். இடித்தாலும் நசுங்காது என்பதே அதன் விளம்பரம். ஆனால் அவர்கள் அந்தப் பிளாஸ்டிக்கின் மேலும் பெயிண்ட் அடித்தார்கள். வெயிலில் பிளாஸ்டிக் விரிவதற்கு இடம் விட வேண்டியிருந்ததால் தகடுகளுக்கு நடுவே இடைவெளி அதிகம், பார்க்க மலிவாக இருக்கிறது என்ற பேச்சும் வந்தது. ஸ்லேட்டின் வடிவமைப்பாளர்கள் அந்த வழியிலேயே போகவில்லை. தன்னைப் பிளாஸ்டிக் என்று மறைத்துக்கொள்ளாத ஒரு வண்டியை வரைந்தார்கள்.

தட்டையாக இருப்பதற்குக் காரணம்

படத்தை உற்றுப் பாருங்கள். பெட்டி போன்ற உடல், செங்குத்தான முகம், இரண்டு வட்ட விளக்கு, இரும்புச் சக்கரம். 1980-களின் சின்ன டொயோட்டா பிக்கப்பை நினைவுபடுத்தும் அளவு. நீளம் சுமார் 4.43 மீட்டர். இங்கே தெருவெல்லாம் ஓடும் ஃபோர்டு எஃப்-150 இரட்டை வரிசை வண்டி ஆறு மீட்டரை ஒட்டி நீளும். அதன் பக்கத்தில் இது பொம்மை.

பழமைப் பாசத்துக்காக மட்டும் இப்படித் தட்டையாக வரையவில்லை. பெயிண்டுக்குப் பதில் இவர்கள் விற்கப்போவது வினைல் ஸ்டிக்கர் உறை. வளைவும் நெளிவும் உள்ள காருக்கு முழு உறை ஒட்ட வேண்டுமானால் கைதேர்ந்த ஆள் வேண்டும். ஹீட் கன் பிடித்து இழுத்து இழுத்து ஒட்டுவார், இங்கே 3,000 டாலருக்குக் குறையாமல் வாங்குவார். தட்டைத் தகட்டில் காற்றுக் குமிழை நெம்பி வெளியே தள்ளிவிட்டால் போதும். வீட்டிலேயே ஒட்டிக்கொள்ள முடியும், உறைக்குச் சுமார் 500 டாலர் ஆகலாம் என்று தொடக்கத்தில் பேசப்பட்டது. வண்டியின் கோடுகளைப் போட்டவர் கையில் பென்சிலோடு கணக்குப் புத்தகமும் இருந்திருக்கிறது.

இதில் எனக்கு மிகப் பிடித்தது, பேட்டரியைத் தவிர ஆலையிலிருந்து வெளியே வரும் எல்லா வண்டியும் ஒன்றுபோல இருக்கும் என்பது. வேரியன்ட் கிடையாது. டாப் எண்ட், மிடில், பேஸ் என்ற படிக்கட்டு கிடையாது. வழக்கமான ஆலையில் அடுத்து வருவது சிவப்பா வெள்ளையா, சன்ரூஃப் உண்டா இல்லையா என்று ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு பாகம் சரியான நேரத்தில் லைனுக்கு வந்து சேர வேண்டும். அந்த ஒழுங்கைக் காப்பாற்றவே கிடங்கும் கணினியும் ஆட்களுமாகப் பெரும் செலவு ஆகிறது. ஸ்லேட்டில் அந்தத் தலைவலி வாங்குபவர் கைக்கு மாறுகிறது. நூற்றுக்கும் மேற்பட்ட துணைப்பொருள்களில் வேண்டியதை அவர் வாங்கி, தானே மாட்டலாம் அல்லது ஒர்க்‌ஷாப்பில் கொடுக்கலாம்.

அவற்றில் பெரியது, பிக்கப்பை ஐந்து பேர் அமரும் எஸ்.யு.வி.யாக மாற்றும் பெட்டி. பின் இருக்கை, பாதுகாப்புச் சட்டம், ஏர்பேக், மேல்கூரை எல்லாம் சேர்ந்து வரும். பின்பகுதி செங்குத்தாகவும் கிடைக்கும், சரிந்து இறங்குவதாகவும் கிடைக்கும். வடிவமைப்புக் குழுவின் தலைவர் டிஷா ஜான்சன், முன்பு வோல்வோவில் இருந்தவர். ஒரே வண்டியை இப்படிப் பல முகங்களுக்கு இடம் கொடுத்து வரைவது, கவர்ச்சியான ஒரு முகத்தை வரைவதைவிடக் கடினம்.

நானோ சொல்லிக்கொடுத்த பாடம்

நம்மவர்களுக்கு இதையெல்லாம் கேட்டதும் ஒரு பெயர் நினைவுக்கு வரும். 2008 ஜனவரியில் டெல்லி ஆட்டோ எக்ஸ்போவில் ஒரு லட்ச ரூபாய்க் கார் என்று டாட்டா நானோ வந்து நின்றது. ஒரே ஒரு வைப்பர், சக்கரத்துக்கு மூன்றே நட்டு. கிராமுக்குக் கிராம் கணக்குப் பார்த்துச் செய்த அருமையான பொறியியல். ஆனால் 2018 வாக்கில் அதன் கதை முடிந்துவிட்டது. நாட்டிலேயே மலிவான கார் என்ற பேரே அதற்குச் சுமையாகிவிட்டது என்று ரத்தன் டாட்டாவே பின்னாளில் சொன்னார். வாசலில் கார் நிற்க வேண்டும் என்று ஆசைப்படுபவர், இவரால் முடிந்தது இதுதான் என்று பக்கத்து வீட்டுக்காரர் நினைப்பதை விரும்புவாரா?

இல்லாமையைப் பெருமையாக மாற்றுவது வடிவமைப்பின் வேலை. ஸ்லேட் அதைச் செய்திருக்கிறது என்பது என் கட்சி. இதில் ரேடியோ இல்லாத இடத்தில் வெறும் ஓட்டையை மூடிய பிளாஸ்டிக் மூடி இல்லை. செல்போனை மாட்ட இடம் இருக்கிறது. ஸ்பீக்கர் வேண்டுமென்றால் வைக்க இடம் இருக்கிறது. மலிவு என்ற சொல்லை முன்னால் தள்ளாமல், உங்கள் விருப்பப்படி மாற்றிக்கொள்ளுங்கள் என்று பேசுகிறார்கள். லாரிக்கும் ஆட்டோவுக்கும் ஸ்டிக்கர் கடையில் நின்று விதவிதமாக எழுதி ஒட்டி அழகு பார்க்கும் ஊரிலிருந்து வந்தவனுக்கு இந்த மனநிலையைப் புரிந்துகொள்வது சுலபம்.

தொடுதிரையை எடுத்ததில் வேறொரு நன்மையும் உண்டு. ஐந்தாறு ஆண்டில் திரை மந்தமாகிவிடும், மென்பொருள் பழசாகிவிடும். செல்போனை எப்படியும் மாற்றிக்கொண்டே இருக்கிறோம், அதுவே வண்டியின் திரையாகவும் இருக்கட்டும் என்பது இவர்கள் வாதம். ஓட்டுநர் முன்னால் வேகம் காட்ட ஒரு சின்னத் திரை உண்டு. பின்பக்கக் கேமரா இங்கே 2018 மே முதல் எல்லாப் புதுக் கார்களுக்கும் சட்டப்படி கட்டாயம் என்பதால் அந்தக் காட்சியும் அதிலேயே வந்துவிடும். ஏ.சி. உண்டு, அதைத் திருகித்தான் இயக்க வேண்டும். ஏர்பேக்கிலும் தானாகப் பிடிக்கும் அவசர பிரேக்கிலும் கை வைக்கவில்லை.

கையால் சுற்றும் கண்ணாடி மட்டும் எனக்குக் கொஞ்சம் நாடகமாகத் தோன்றுகிறது. பவர் விண்டோ மோட்டார் லட்சக்கணக்கில் தயாராவதால் இன்று அது அவ்வளவு விலை உயர்ந்த பொருள் இல்லை. கதவுக்குள் போகும் வயரும் சுவிட்சும் மிச்சமாகும், உண்மைதான். ஆனால் கைப்பிடியின் பெரிய பயன் விளம்பரம். அந்தப் படம்தான் ஊரெல்லாம் சுற்றியது.

பறிபோன 7,500 டாலர்

இனி விலைக்கு வருவோம். மனைவியின் கேள்வியைவிட இதுதான் என்னை அதிகம் யோசிக்க வைக்கிறது.

2025 ஜூலை 4-ல் அமெரிக்காவில் புதிய வரிச் சட்டம் கையெழுத்தானது. அதன்படி மின்சாரக் கார்களுக்கான 7,500 டாலர் சலுகை அந்த ஆண்டு செப்டம்பர் 30-ஓடு முடிந்தது. சட்டம் உறுதியான கையோடு ஸ்லேட்டின் விளம்பரத்திலிருந்து 20,000 டாலருக்குள் என்ற வரி மறைந்தது. இருபதுகளின் நடுவில் இருக்கும் என்று பேச்சு மாறியது. அதாவது 25,000 டாலரை ஒட்டி. நம் பணத்தில் இருபது லட்சத்துக்கு மேல். 2026-ன் தொடக்கத்தில் இதை எழுதுகிறேன். ஆண்டின் கடைசியில் டெலிவரி தொடங்க வேண்டும் என்பது கம்பெனியின் திட்டம். இறுதி விலை இன்னும் வரவில்லை.

இந்த ஏமாற்றத்தைக் கம்பெனியின் தலையில் மட்டும் கட்ட முடியாது. சலுகையைக் கணக்கில் எடுக்காவிட்டால் முதலிலேயே அதன் விலை 27,500 டாலர் வரை போகக்கூடியதுதான். வடிவமைப்பால் குறைத்த காசு இன்னும் குறைந்தபடிதான் இருக்கிறது. அரசாங்கம் கொடுத்த காசுதான் போய்விட்டது. விலையில் எந்தப் பகுதி பொறியாளர் செய்தது, எந்தப் பகுதி சட்டம் செய்தது என்று பிரித்துப் பார்த்தால் அடுத்த தடவை விளம்பரத்தில் மயங்க மாட்டோம்.

வருகிற வண்டிக்குச் சொல்லும் விலை வந்த பிறகு நிற்பதில்லை என்பதற்கு இங்கே உதாரணம் நிறைய. டெஸ்லா சைபர்டிரக்கை 2019 நவம்பரில் காட்டியபோது 39,900 டாலரில் தொடங்கும் என்றார்கள். நான்கு ஆண்டு கழித்து விலைப்பட்டியல் வந்தபோது அது 60,990-ல் தொடங்கியது. ஃபோர்டு மேவரிக் பிக்கப் 2021-ல் 19,995 டாலர் என்று வந்து எல்லோரையும் அசத்தியது. நன்றாக விற்றது. 2025-ல் அதன் தொடக்க விலை சுமார் 28,000.

சின்ன, மலிவான பிக்கப் இந்த நாட்டில் அருகிப்போனதற்குப் பின்னால் ஒரு கோழிக் கதையும் இருக்கிறது. 1960-களின் தொடக்கத்தில் ஐரோப்பிய நாடுகள் அமெரிக்கக் கோழி இறைச்சிக்கு வரி போட்டன. பதிலுக்கு ஜனாதிபதி ஜான்சன், இறக்குமதியாகும் சிறு டிரக்குகளுக்கு 25 சதவீத வரி விதித்தார். கோழிச் சண்டை எப்போதோ ஓய்ந்துவிட்டது, டிரக் வரி மட்டும் இன்றுவரை போகவில்லை. வெளிநாட்டுப் போட்டி குறைந்த அந்தச் சந்தையில் உள்நாட்டுக் கம்பெனிகள் பெரிய வண்டியை, பெரிய லாபத்துக்கு விற்றுப் பழகிவிட்டன. ஸ்லேட் நுழைவது அந்த வெற்றிடத்தில். அமேசான் நிறுவனர் ஜெஃப் பெசோஸ் இதில் பணம் போட்டிருக்கிறார் என்பது பலருக்குச் செய்தி. எனக்கு இந்த வெற்றிடம்தான் பெரிய செய்தி.

யாருக்கு இது வண்டி?

அடிப்படை பேட்டரி 52.7 கிலோவாட் மணி. ஒரு சார்ஜுக்குச் சுமார் 240 கிலோமீட்டர் என்று சொல்கிறார்கள். கூடுதல் காசு கொடுத்தால் 84.3 கிலோவாட் மணி பேட்டரி. சுமார் 385 கிலோமீட்டர். மோட்டார் ஒன்று, பின் சக்கரத்துக்கு, 201 குதிரைசக்தி. வேகமான சார்ஜரில் 20-லிருந்து 80 சதவீதம் ஏற அரை மணிக்குள். டெஸ்லா பயன்படுத்தும் அதே வகை பிளக். சுமார் 650 கிலோ சரக்கு ஏற்றலாம். இழுவை மட்டும் 450 கிலோதான். படகை இழுத்துக்கொண்டு ஏரிக்குப் போகும் மிச்சிகன்காரர் இதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

240 கிலோமீட்டர் என்பது கோடையில். எங்கள் ஜனவரிக் குளிரில் ஹீட்டர் போட்டு நெடுஞ்சாலையில் ஓட்டினால் எந்த மின்சாரக் காருக்கும் மூன்றில் ஒரு பங்கு போய்விடலாம். அப்படிப் பார்த்தால் கையில் நிற்பது 160. தினசரி வேலைக்குப் போய் வர, கடைக்குப் போக, வார இறுதியில் மரப்பலகையும் மண் மூட்டையும் ஏற்றி வர அது தாராளம். சிகாகோவில் இருக்கும் நண்பர் வீட்டுக் கல்யாணத்துக்கு இதில் கிளம்ப மாட்டேன். வீட்டில் சார்ஜர் வைக்க இடமும், தூரப் பயணத்துக்கு இன்னொரு காரும் உள்ள குடும்பத்துக்கு இது பொருந்தும். ஒரே கார் வைத்திருப்பவருக்கு, அதுவும் அடுக்குமாடியில் இருப்பவருக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். மலிவான வண்டி யாருக்கு அதிகம் தேவையோ அவருக்கே அது பொருந்தவில்லை என்பது இதன் பெரிய குறை.

இன்னொரு குறை, கணக்கில் இருக்கிறது. எஸ்.யு.வி. பெட்டிக்குச் சுமார் 5,000 டாலர் ஆகலாம் என்று ஆரம்பத்தில் பேச்சு. அதோடு ஸ்டிக்கர் உறை, ஸ்பீக்கர், பெரிய பேட்டரி என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தால் கூட்டுத்தொகை 30,000-ஐச் சுலபமாகத் தாண்டும். அந்த விலைக்குக் கீழேயே இப்போது நல்ல போட்டி வந்துவிட்டது. செவ்ரலே போல்ட் மறுபடி வருகிறது; விலை 29,000-க்குச் சற்றுக் கீழே, ஓடும் தூரம் சுமார் 410 கிலோமீட்டர். புது நிஸான் லீஃப் 29,990 டாலர், ஓடுவது ஏறத்தாழ 490 கிலோமீட்டர். இரண்டிலும் நான்கு கதவு, ஸ்பீக்கர், தொடுதிரை, பெயிண்ட் எல்லாம் இருக்கும். 2027-ல் 30,000 டாலருக்கு நான்கு கதவு மின்சார பிக்கப் கொண்டுவருவதாக ஃபோர்டும் சொல்லியிருக்கிறது. ஸ்லேட்டை ஜோடித்து குடும்பக் காராக்க நினைப்பவர் இந்தப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கூட்டிப் பார்க்கட்டும். ஆலையிலிருந்து வந்தபடியே, இரண்டு இருக்கையோடு, சாம்பலாகவே வைத்துக்கொள்பவருக்குத்தான் இந்த வண்டி லாபம்.

மனைவிக்கு நான் சொன்ன பதில் இதுதான்: எல்லாவற்றையும் எடுக்கவில்லை. பெயிண்டை எடுத்தால் ஒரு கட்டடம் மிச்சம், வேரியன்டை எடுத்தால் ஒரு கிடங்கு மிச்சம், தட்டையாக வரைந்தால் ஸ்டிக்கர் ஒட்டும் கூலி மிச்சம். பாதுகாப்பைத் தொடவில்லை. ஒரு காரின் விலையை மேசையில் உட்கார்ந்து பேனாவால் குறைப்பவர்கள் உண்டு. அடுத்த காலாண்டில் அது ஏறிவிடும். வரைபடத்திலேயே குறைத்தது அப்படி ஏறாது.

அவள் கேட்டாள்: “சரி, எவ்வளவுன்னா வாங்குவீங்க?”

25,000-க்குள் வந்தால் வாங்குவேன். வெளியே சாம்பலாகவே நிற்கட்டும், மகளுக்காக ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கர் மட்டும். அதற்கு மேலே ஓராயிரம் ஏறினால் யோசிப்பேன். 28,000 என்று வந்தால் என் ஐம்பது டாலரைத் திரும்ப வாங்கிக்கொண்டு போல்ட்டைப் பார்க்கப் போய்விடுவேன்.